எஞ்சின் எச்சரிக்கை விளக்கு: பழைய கார்களில் பழுதறிதல்

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, சென்சார்களின் அளவீடுகளில் பிழை கண்டால் ஓட்டுநர் முன்னுள்ள டேஷ்போர்டில் எரியவிடும் மஞ்சள் விளக்கே எஞ்சின் எச்சரிக்கை விளக்கு. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஓபிடி-2 என்ற பழுதறியும் முறை கட்டாயமானது. 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பிழைக்குறி எண் தெரிந்துவிடும். அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழி இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸின் அக்காலக் கார்கள் பலவற்றில் ஸ்கேனரே வேண்டாம். டேஷ்போர்டின் அடியில் உள்ள 12 பின் இணைப்பில் ஏ, பி முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். விளக்கு ஒருமுறை மின்னி, சற்று நின்று, இருமுறை மின்னினால் அது 12. எஞ்சின் ஓடாததால் வரும் இந்த எண் பழுதல்ல. கணினி பேசுகிறது என்பதற்கான நல்ல அடையாளம். பிறகு, பதிவான ஒவ்வொரு குறியும் மும்முறை வரும்.

குறியை வைத்தே பாகத்தை மாற்றுவதுதான் பெரும் பிழை. 44 என்றால் புகையில் ஆக்சிஜன் மிகுதி என்று ஆக்சிஜன் சென்சார் சொல்கிறது. சென்சார் நன்றாகவே இருக்கலாம். விரிசல் விட்ட வேக்குவம் குழாய் வழியே காற்று புகுந்திருக்கலாம், எரிபொருள் அழுத்தம் குறைந்திருக்கலாம். பழைய கார்களில் ரப்பர் குழாய்களையும் துருவேறிய எர்த் இணைப்புகளையும் முதலில் பார்ப்பதே முறை.

ஓபிடி-2 கார்களில் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாத கோளாறு, கடுமையாக உள்ளது என்று பொருள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் முன் வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.