சிறுநீரகத்துக்குப் பத்தியம், பிள்ளைக்குப் பசி

1964-இல் இத்தாலியின் பீசா நகரத்து மருத்துவர்கள் ஜியோவன்னெட்டியும் மஜ்ஜோரேயும் ஒரு கடும் பத்தியத்தை வெளியிட்டார்கள். நாளொன்றுக்குப் புரதம் சுமார் 20 கிராம்தான். புரதம் செரித்தபின் மிஞ்சும் யூரியாவைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது முடங்கினால் குமட்டலும் வாந்தியும் அரிப்பும் வாட்டும். டயாலிசிஸ் கருவி மிகச் சிலருக்கே கிடைத்த காலம் அது. தட்டில் புரதத்தைக் குறைத்ததும் நோயாளிகளின் வாந்தி நின்றது, பசி திரும்பியது. பெரியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பிள்ளைகளின் கணக்கு வேறு. பெரியவரின் உடம்பு இருப்பதைக் காத்தால் போதும். குழந்தையின் உடம்போ நாள்தோறும் எலும்பும் தசையும் புதிதாகக் கட்டுகிறது. வளர்ந்தபின் எட்டப்போகும் உயரத்தில் ஏறக்குறைய பாதியை இரண்டு வயதுக்குள் எட்டிவிடுகிறது. அந்த வயதில் சிறுநீரகம் பழுதானால் பசி மந்தம், நாக்கில் ருசி மாற்றம், ஓயாத வாந்தி. ஏற்கெனவே சாப்பிடாத பிள்ளையிடம் "இதைத் தொடாதே, அதைத் தொடாதே" என்றால் என்ன மிஞ்சும்?

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மால்கம் ஹாலிடே முதலிய மருத்துவர்கள் இந்தப் பிள்ளைகள் குட்டையாகவே நின்றுவிடுவதற்குக் கலோரிக் குறைவும் ஒரு காரணம் என்று காட்டினார்கள். போதிய மாவுச்சத்தும் கொழுப்பும் கிடைக்காத உடம்பு தன் தசையையே எரிக்கும். அதிலிருந்தும் யூரியாதான் சேரும். எதைக் குறைக்கப் பத்தியம் வைத்தார்களோ, பட்டினி அதையே கூட்டியது.

உப்பிலும் இதே பாடம். சிறுநீரக நோய் என்றாலே உப்பைக் குறை என்பது பெரியவர்களின் விதி. ஆனால் பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக உருவாகாத குழந்தைகள் பலருக்கு உப்பும் நீரும் சிறுநீரோடு வழிந்து போய்விடும். அவர்களுக்கு உப்பைக் கூட்டிக் கொடுக்காவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும்.

பாலின் கதை இன்னும் வேதனையானது. பாஸ்பரஸ் இரத்தத்தில் தேங்கினால் எலும்பு வளையும். ஆகவே அது மிகுந்த பாலுக்கும் அளவு வைத்தார்கள். உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து நிறுத்த அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள். அந்த அலுமினியம் சில பிள்ளைகளின் மூளையிலும் எலும்பிலும் சேர்ந்து பெரும் கேடு செய்தது. 1980-களில்தான் கால்சியம் கார்பனேட் அந்த இடத்துக்கு வந்தது.

புரதக் கட்டுப்பாடு நோயின் வேகத்தையாவது தணிக்கிறதா? ஐரோப்பாவின் 25 குழந்தைச் சிறுநீரக மையங்கள் சேர்ந்து 191 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தன. 1997-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: இரண்டு ஆண்டுகள் புரதத்தைக் குறைத்தும் நோயின் போக்கில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

2020-இல் பன்னாட்டுக் குழந்தைச் சிறுநீரக உணவியல் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், டயாலிசிஸ் தேவைப்படாத பிள்ளைக்கும் வயதுக்குரிய புரத அளவின் மேல் எல்லையையே இலக்காக வைக்கச் சொல்கிறது. கலோரியும் அதே வயதுள்ள ஆரோக்கியமான பிள்ளைக்குரிய அளவு. பொட்டாசியமும் பாஸ்பரஸும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் குறைக்கப்படுகின்றன.

வாயால் போதிய அளவு உண்ண முடியாத குழந்தைக்கு இப்போது மூக்கு வழியாகவோ வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகவோ, வீட்டிலேயே, இரவு முழுவதும் சிறு பம்பு பாலுணவைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். "ஒரு வாய், இன்னும் ஒரே வாய்" என்று ஒவ்வொரு வேளையும் கெஞ்சிக்கொண்டிருந்த அம்மாவும் அந்நேரம் சற்றுக் கண்ணயரலாம்.