ரோமானியச் சிற்பங்களில் உடையும் சமூகத் தகுதியும்

பண்டைய ரோமில் டோகா என்னும் கம்பளிப் போர்வையை உடுத்தும் உரிமை குடிமக்களுக்கே உரியது. அடிமைகளுக்கும் அயலாருக்கும் அது இல்லை. எனவே ஒருவரை டோகாவுடன் செதுக்கினால், அவருடைய சட்டத் தகுதியும் கல்லில் பதிவாகிவிடும்.

கி.மு. 100-ஐ ஒட்டிய அவுலுஸ் மெட்டெல்லுஸின் வெண்கலச் சிலையில் (ஃபுளோரன்ஸ்) டோகா குட்டையாக, உடலை ஒட்டி இருக்கிறது. அகஸ்டஸ் காலத்தில் துணி பெருத்து, முழங்கால்வரை சரியும் வளைமடிப்பு வந்தது. அத்தனை துணியைத் தனியே சுற்றிக்கொள்வது கடினம். சுற்றிய பின் இடக்கை ஏறத்தாழ முடங்கிவிடும். உழைக்கத் தேவையில்லாதவர் என்று காட்ட இதைவிடத் தெளிவான வழி இல்லை. உயர் பதவியாளர்களின் டோகாவுக்கு ஊதாக் கரை உண்டு. சிலைகளில் அதை வண்ணத்தால் தீட்டினார்கள். இன்று வண்ணம் போய்ப் பளிங்கு வெறுமையாக நிற்பதால், காலணியின் வார்முடிச்சைப் பார்த்தே செனட் உறுப்பினரை அடையாளம் காணவேண்டியிருக்கிறது.

டோகாவைப் பெரிதும் விரும்பிக் காட்டியவர்கள் விடுதலையோடு குடியுரிமையும் பெற்ற முன்னாள் அடிமைகள். ரோமிலிருந்து வெளியே செல்லும் சாலைகளில் இருந்த அவர்களுடைய கல்லறைப் புடைப்புச் சிற்பங்களில் கணவர் டோகாவிலும் மனைவி பல்லா எனும் மேலாடையிலும் விறைப்பாகக் காட்சி தருகிறார்கள். சுதந்திரராகப் பிறந்த மகன் இருந்தால், அவன் கழுத்தில் புல்லா என்ற தாயத்து பெரும்பாலும் இடம்பெறும். பெற்றோருக்குப் பிறப்பில் கிடைக்காத தகுதி அது. போர்ட்டா மஜோரே அருகில் உள்ள யூரிசாசெஸ் என்ற ரொட்டி வணிகரின் கல்லறை (கி.மு. 30 வாக்கில்) இன்னும் வெளிப்படையானது. அதில் மாவு பிசைபவர்களும் அடுப்பருகில் நிற்பவர்களும் குட்டையான டியூனிக் அணிந்திருக்க, டோகாவினர் நின்று மேற்பார்க்கிறார்கள். யூரிசாசெஸும் முன்பு அடிமையாக இருந்தவர் என்றே பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

மணமான குடிமகளின் உடை தோள்பட்டிகள் கொண்ட ஸ்டோலா. ஆனால் பல்லா மேலே மூடுவதால், சிலைகளில் அந்தப் பட்டிகள் அரிதாகவே தெரிகின்றன.

பேரரசருக்கு ஓர் உடை போதாது. வியா லபிகானா சிலையில் அகஸ்டஸ் டோகாவைத் தலைமேல் இழுத்துவிட்ட பூசாரி. 1863-இல் கண்டெடுக்கப்பட்ட பிரிமா போர்ட்டா சிலையில் மார்புக்கவசம் பூண்ட படைத்தலைவர், ஆயினும் தெய்வங்களைப்போல் வெறுங்காலர். கி.பி. 300-ஐ ஒட்டிய நால்வர் ஆட்சிச் சிற்பத்தில் (வெனிஸ்) நான்கு ஆட்சியாளர்களும் படைவீரர் மேலங்கியுடன், ஒரே அச்சில் வார்த்ததுபோல் வாளைப் பிடித்து நிற்கிறார்கள்.