பரம்பரையும் பட்டினியும்

நம்மவர் இல்லங்களில் நீரிழிவு தோன்றின், "பாட்டனார்க்கு இருந்தது, தந்தையார்க்கும் வந்தது, இனி நம்மால் ஆவதென்ன?" என்று கைகட்டி இருந்துவிடுவோர் பலர். பழைய தலையெழுத்திற்கு மரபணு என்று புதுப்பெயர் சூட்டியதன்றி இதில் வேறு விசேஷமில்லை. மரபணுவும் எழுத்தே என்று கொள்வோம். அவ்வெழுத்து உடலில் எவ்வாறு வாசிக்கப்படுகின்றது என்பது வேறு விஷயம். இதற்கு ஹாலந்து தேசத்துச் சரித்திரமே சான்று.

1944 செப்டம்பரில், நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாக ஹாலந்து இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நாட்டைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானியர் சினந்து, மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாது தடுத்தனர். பின்னர்த் தடை தளர்ந்தபோது கால்வாய்கள் பனியால் உறைந்து படகுகளும் நின்றன. ஆம்ஸ்டர்டாம் முதலிய நகரங்களில் ஒருவர்க்கு நாளொன்றுக்குக் கிடைத்த உணவு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. டுலிப் மலர்ச்செடியின் கிழங்கையும் மக்கள் தின்றனர். 1945 மே மாதம் விடுதலை வருமுன் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அதே காலத்தில் மலாயாவில் மரவள்ளிக்கிழங்கால் உயிர்காத்த குடும்பங்களுக்கு இஃது அந்நியக் கதையன்று.

அப்பஞ்ச நாட்களில் கருவுற்ற தாய்மாரின் மக்களை அறுபது ஆண்டு கழித்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். ஒப்பிட்டது அயலாரோடன்று, பஞ்சத்திற்கு முன்னோ பின்னோ கருவான உடன்பிறந்தாரோடு. 2008இல் முடிவு வெளிவந்தது. ஐ.ஜி.எஃப். 2 என்னும் வளர்ச்சிக்குரிய மரபணுவின்மேல் அமையும் மெதில் குறிகள் பஞ்சத்துப் பிள்ளைகளிடம் குறைந்திருந்தன. பட்டினி எழுத்தை மாற்றவில்லை. மரபணுவின் வேலையை அடக்கவும் விடவும் உதவும் குறிகளையே மாற்றியது. கருவின் தொடக்கத்தில் மட்டும் பசித்த அக்குழந்தைகள் பிறக்கும்போது எடையிற் குறைந்தவரும் அல்லர்! பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

கருவிலே அப்பஞ்சத்தைக் கண்டவர்க்கு நடுவயதில் இரத்தச் சர்க்கரைக் கோளாறு மிகுதி என்று 1998இலேயே மற்றோர் ஆராய்ச்சி காட்டியிருந்தது. அதற்கு அக்குறியே காரணம் என்று நாம் துணிந்து கூறோம். ஆயினும் குலத்தைக் குறைகூறுவோர், தாய் உண்ட கலத்தில் என்ன இருந்தது என்றும் கேட்டல் வேண்டும். பசித்தவளைப் பார்த்து நல்லுணவு உண்ணுமாறு உபதேசிப்பதிற் பயனில்லை. கூலி போதுமா என்பதே முதற்கேள்வி.

பிறந்தபின் வழி அடைபட்டுவிட்டது என்பதுமன்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 இந்தியரைக் கொண்டு சென்னை வைத்தியர்கள் நடத்திய சோதனை 2006இல் வெளியாயிற்று. உணவை ஒழுங்குசெய்து நாள்தோறும் நடந்துவந்தவருள் மூன்றாண்டில் 100க்கு 39 பேர்க்கு நோய் கண்டது. வழக்கம்போல் இருந்தவருள் 55 பேர்க்கு.