நூதனசாலையின் கதவு யாருக்குத் திறக்கிறது?

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதத்திற்கு ரம்புக்கனையில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை, ஏறத்தாழ 45 அடிக்கு 1 அடி வீதம் பாதை உயர்கிறது. நீராவி எஞ்சின்களின் காலத்தில் துணைக்கு மற்றோர் எஞ்சினையும் பூட்டியே வண்டியை மேலேற்றினார்கள். கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத் தோட்டத்துரைமார் வற்புறுத்திப் பெற்ற இப்பாதை 1867இல் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். பாதை அமைத்தவர்களிலும், பின்னர் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த ஏழைகள் பெருந்தொகையினர்.

இவ்வரலாற்றைச் சொல்ல மலைநாட்டில் இன்று மூன்று நூதனசாலைகள் உள்ளன. 1925இல் எழுந்த ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலையாயிற்று. 2007இல் றம்பொடைக்கருகே, பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அமைந்தது. 2014இல் கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. முதலாவதிலும் மூன்றாவதிலும் இயந்திரங்களைக் காண்கிறோம். இரண்டாவதில் அவற்றை வாழவைத்த மக்களின் கருவிகளையும் பாண்டங்களையும் காண்கிறோம். பொருள்கள் காக்கப்பட்டுவிட்டன, மகிழ்ச்சி. ஆனால் யாருக்காக?

இக்கேள்வி புதியதன்று. 1857இல் லண்டனில் தென் கென்சிங்டன் நூதனசாலை திறக்கப்பட்டபோது, கூடங்களில் வாயு விளக்குகள் பொருத்தப்பட்டன. பகலெல்லாம் பட்டறையில் நிற்கும் தொழிலாளி இரவில் வந்து பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அவனது ரசனை உயர்ந்தால் ஆங்கிலப் பண்டங்களின் தரமும் உயரும் என்ற முதலாளித்துவக் கணக்கும் அதில் இருந்தது. ஆயினும் தொழிலாளிக்கென்று ஒரு மாலைப்பொழுது ஒதுக்கப்பட்டது என்பதை மறுக்க முடியாது.

அதே சாம்ராச்சியம் காலனி நாடுகளில் எப்படி நடந்துகொண்டது? ஆளுநர் கிரகரியின் முயற்சியால் கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. கட்டடத்தை எழுப்பியவர் வாப்பிச்சி மரைக்கார். எழிலான மாளிகைதான். ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டியபின் லயத்துக்குத் திரும்பிய தோட்டத் தொழிலாளிக்குக் கொழும்பும் ஒன்று, லண்டனும் ஒன்று. அக்கரையில் சென்னை நூதனசாலையை 1885 முதல் 1908 வரை நிருவகித்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்துவைத்தார். உழைக்கும் மனிதன் அங்கே அறிவின் பங்காளியாகவன்றி, அளந்து அடுக்கப்படும் பொருளாகவே எண்ணப்பட்டான்.

இந்நிலைக்கு மாற்று உண்டா? உண்டு. கல்கத்தாவில் 1959இல் பிர்லா தொழில் நுட்ப நூதனசாலை திறக்கப்பட்டது. அது 1965இல் விஞ்ஞானக் கருவிகளை வாகனத்தில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கிற்று. மக்கள் வர இயலாவிடில் நூதனசாலை மக்களிடம் செல்லும் என்ற எளிய உண்மையை அந்த வாகனம் நிலைநாட்டியது.

நம் மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறில்லை. கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டத்தில், தாய் சுமந்துவரும் பாலில் சிறிது அமிலம் கலந்ததும் அது ஏன் திரள்கிறது? ரம்புக்கனைச் சரிவில் ஒற்றை எஞ்சின் ஏன் திணறியது? இவை அப்பகுதிச் சிறுவனின் வீட்டு வாசலில் கிடக்கும் இரசாயனமும் பௌதிகமும் ஆகும். தந்தையின் தொழிலில் விஞ்ஞானம் இருக்கிறது என்று அறிந்த பிள்ளை, அத்தொழிலை இழிவென்று எண்ணித் தலைகுனிய மாட்டான்.

கலைக்கும் இதுவே பொருந்தும். தப்பு என்ற பறையை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியது அதன் ஓசை. மாசி பங்குனியில் காமன் கூத்துக்குத் தோட்டம் முழுவதையும் திரட்டியதும் அதே ஓசைதான். அடிமை வாழ்வின் மணியாகவும், மனிதர் தம்மை மறவாதிருந்த இசையாகவும் ஒரே தோல் ஒலித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஊமையாகக் கிடக்கும் தப்பு இவ்வரலாற்றைச் சொல்லாது. அடித்துக் காட்டும் கலைஞனும் ஆடும் கூட்டமும் வேண்டும். தோட்டங்களில் வாய்மொழியாக வாழ்ந்த பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை, தனி மனிதராகவே ஒரு நூதனசாலையின் பணியைச் செய்தார். அப்பாடல்கள் மீண்டும் குரலாக ஒலிப்பது எப்போது?

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்க 2003இல்தான் சட்டம் வந்தது. ஏட்டில் குடியுரிமை கிடைத்தால் மட்டும் போதாது. நாட்டின் நினைவிலும் குடியுரிமை வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பேருரையும் இசையும் கூத்தும், தோட்டப் பாடசாலைக்கு வரும் விஞ்ஞான வண்டியும், தமிழிலும் சிங்களத்திலும் சொல்லப்படும் விளக்கமும் அந்த உரிமையின் உறுப்புகள். இரு இனத்துத் தொழிலாளர் பிள்ளைகளும் ஒரே எஞ்சினின் முன் நின்று, இதை இயக்கியவர் நம்மவர் என்று சொல்லும் நாள் வரவேண்டும்.

அந்நாள் தானாக வராது. ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்க வேண்டும். விடாது கேட்க வேண்டும். ரம்புக்கனையில் வண்டியை மலையேற்ற இரண்டாவது எஞ்சின் தேவைப்பட்டதுபோல, நூதனசாலையை மக்களிடம் ஏற்றிச் செல்ல அவர்களின் கோரிக்கை என்னும் உந்துவிசை தேவை.