கோலாரில் இறங்கி ஊட்டிக்கு ஏறிய இரும்புக் குழாய்

நீளம் 6 மீட்டர். அகலமும் உயரமும் 10 சென்டிமீட்டர். இரும்பின் கனம் 2.3 மில்லிமீட்டர். ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், 2 மீட்டர் கனமான கான்கிரீட்டுக்கு அடியில், இப்படிப்பட்ட 3,712 சதுரக் குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கட்டட வேலைக்கு வாங்கும் குழாய்தான். உள்ளே, நட்ட நடுவில், தலைமுடி கனத்தில் ஒரு டங்ஸ்டன் கம்பி ஓடுகிறது. சுற்றிலும் ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயுவை அடைத்து மூடியிருக்கிறார்கள். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று குறுக்கே பாய்ந்தால் வாயுவிலிருந்து எலக்ட்ரான்கள் பிரியும். உயர் மின்னழுத்தத்தில் இருக்கும் கம்பியை நோக்கி அவை ஓடும்போது மேலும் பல எலக்ட்ரான்களைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேரும். கம்பியில் ஒரு மின்துடிப்பு எழும். அந்தத் துடிப்பைச் சொல்வதுதான் குழாயின் வேலை.

இந்தக் குழாய்கள் முதலில் போனது ஊட்டிக்கு அல்ல, கோலார் தங்க வயலுக்கு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கப் போன தமிழர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்துத் தோண்டிய சுரங்கம் அது. ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. இயற்பியலாளர்கள் 1950-களின் தொடக்கத்திலேயே அங்கே இறங்கிவிட்டார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி மியூவான் என்னும் துகள்களை ஓயாமல் பொழிகின்றன; கூரை, சுவர், உடம்பு எதுவும் அவற்றுக்குத் தடையில்லை. தலைக்கு மேலே 2 கிலோமீட்டர் பாறை இருந்தால் மட்டுமே அந்த மழை அநேகமாக ஓயும். மிக அரிதாக நடக்கும் ஒன்றைக் கவனிக்க அப்படிப்பட்ட அமைதி வேண்டும். காஸ்மிக் கதிர் மோதலில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் துகளை 1965-இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் கோலாரில் கண்டார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இன்னொரு குழு கண்டது. அப்படிப் பிறந்த நியூட்ரினோவை உலகில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

1980-இல் குழாய்களின் முறை வந்தது. புரோட்டான் என்றாவது சிதையுமா என்பது அன்றைய பெரும் கேள்வி. ஒரு புரோட்டானின் ஆயுள், ஒன்றுக்குப் பின் 31 சுழியம் போட்ட எண்ணிக்கை ஆண்டுகள் இருக்கலாம் என்றது கோட்பாடு. அவ்வளவு காலம் யாரும் காத்திருக்க முடியாது; ஆனால் அத்தனை புரோட்டான்களை ஓரிடத்தில் குவித்தால் ஓர் ஆண்டுக்குள் ஒன்றாவது சிதைய வேண்டும். 140 டன் இரும்பில் அதற்கு மேலேயே இருக்கின்றன. இதில் என்னை வியக்கவைப்பது குழாயின் இரட்டை வேடம்: கவனிக்கும் கருவியும் அதுவே, கவனிக்கப்படும் பொருளும் அதன் இரும்பே. சிதைவு போலத் தோன்றிய சில தடங்களைக் கோலார் குழு அறிவித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வந்த பெரிய கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. புரோட்டான் இன்றுவரை சிதைந்ததாகத் தெரியவில்லை.

கோலார் வேறொரு புதிரையும் விட்டுச் சென்றது. பாறைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட வெற்றுவெளியில் ஏதோ ஒன்று சிதைந்து, அதிலிருந்து துகள்கள் கிளம்பியதுபோலச் சில பதிவுகள். 1975-இல் வெளியான இவற்றுக்குக் ‘கோலார் நிகழ்வுகள்’ என்றே பெயர் நிலைத்தது. தெரிந்த எந்தத் துகளாலும் விளக்க முடியவில்லை. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராஜசேகரனும் மூர்த்தியும் 2014-இல் இவற்றைத் தூசு தட்டி எடுத்து, சிதைந்தது கரும்பொருளின் துகளாக இருக்கலாமே என்று கேட்டார்கள். விண்மீன் மண்டலங்களைத் தன் ஈர்ப்பால் கட்டி வைத்திருந்தும் ஒளியே தராத அந்தக் கரும்பொருள் எதனால் ஆனது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியைச் சோதிக்கக் கோலாரின் ஆழம் இன்று இல்லை. தங்கம் கட்டுப்படியாகாமல் போக, ஆழப் பகுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆய்வும் 1990-களின் தொடக்கத்தில் நின்றது. 2001-இல் சுரங்கமே மூடப்பட்டது; நீர் இறைக்கும் பம்பு நின்றால் சுரங்கம் மூழ்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு போனது; உலகின் மிக ஆழமான ஆய்விடங்களுள் ஒன்றும் போனது. இரண்டையும் காப்பாற்ற வழி தேடியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஏழை நாட்டுக்கு இந்தத் துகள் வேட்டை எதற்கு என்று அன்றும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கோலார் ஆய்வை நடத்திய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய ஹோமி பாபா காஸ்மிக் கதிர் ஆய்வாளர். துகளை எண்ண மின்னணுக் கருவி வேண்டும். வாங்க அந்நியச் செலாவணி கிடையாது. ஆகவே செய்யக் கற்றுக்கொண்டார்கள். நாட்டின் முதல் பெரிய உள்நாட்டுக் கணினியான டிஃப்ராக், ஆர். நரசிம்மன் குழுவின் கைவண்ணத்தில் 1960-இல் ஓடத் தொடங்கியது அந்த நிறுவனத்தில்தான். கோலார் நியூட்ரினோ ஆய்வில் இருந்த எம்.ஜி.கே. மேனன், 1971-இல் மின்னணு ஆணையத்தின் தலைவரானார். பெங்களூரின் மென்பொருள் தெருக்களைப் பற்றிப் பேசும்போது இந்த முன்கதையை நாம் சொல்வதே இல்லை.

குழாய்களைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடவில்லை. அவை ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்துக்கு, ஊட்டிக்கு வந்தன. கிரேப்ஸ்-3 என்னும் இந்திய-ஜப்பான் கூட்டாய்வு அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தது. பாதாளத்தில் எந்த மியூவான் மழையிலிருந்து ஒதுங்கி நின்றனவோ, மலைமேல் அதையே பிடிப்பது இப்போது வேலை. நான்கு அடுக்குகள்; ஓர் அடுக்குக்கு அடுத்தது குறுக்காக. எந்தெந்தக் குழாய் துடித்தது என்பதிலிருந்து மியூவான் வந்த திசை தெரியும். ஒரு நாளைக்குப் பதிவாகும் மியூவான்கள் சுமார் 400 கோடி. அத்தனையையும் அலச, ஆய்வகத்தாரே கணினிகளை இணைத்து 1,280 செயலிக் கருக்கள் கொண்ட தொகுப்பைக் கட்டினார்கள்.

சூரியனிலிருந்து கிளம்பிய பிளாஸ்மா 2015 ஜூன் 22 அன்று பூமியின் காந்தக் கவசத்தை மோதி அழுத்தியது. கவசம் தளர்ந்த சுமார் இரண்டு மணி நேரம் காஸ்மிக் கதிர்கள் கூடுதலாக உள்ளே நுழைந்தன. குழாய்களில் பதிவான மியூவான்களின் எண்ணிக்கை சட்டென்று எகிறியது. இத்தகைய சூரியப் புயல் கடுமையானால் செயற்கைக்கோள்களும் மின்தொகுப்புகளும் முடங்கும்; ஜி.பி.எஸ்.ஸும் கைபேசிப் பணப்பரிமாற்றமும் அன்றாடமாகிவிட்ட ஊர்களுக்கு அது தொலைதூரச் செய்தி அல்ல.

அதற்கு முந்திய ஆண்டு, டிசம்பர் 1 அன்று, ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம் வந்து நின்றது. 18 நிமிடம் மியூவான்கள் சுமார் 2 விழுக்காடு குறைந்தன. மேகத்துக்குள் இருந்த மின்புலம் அவற்றின் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டதால் வந்த குறைவு அது. கணக்கிட்டபோது மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று வந்தது. பலூன்களை அனுப்பி அதுவரை அளந்த உச்சத்தைவிடச் சுமார் பத்து மடங்கு. இடிமேகங்கள் இவ்வளவு மின்னழுத்தம் கொள்ளும் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920-களில் சொல்லியிருந்தார். 2019-இல்தான் அளவு வெளியானது. பலூன் மேகத்தின் ஒரு கீற்றை மட்டுமே தொட்டுப் போகும். மியூவானோ மேகம் முழுவதையும் ஊடுருவி வருகிறது. குழாய்களுக்கு மொத்தக் கணக்கும் கிடைத்துவிடுகிறது.

இப்போது ஊட்டியில், இந்தக் குழாய்களால் ஆன மியூவான் தொலைநோக்கியை இரண்டு மடங்காக்கும் பணி நடக்கிறது. அதற்கான குழாய்களைக் கம்பி கோத்து, காற்றை வெளியேற்றி, வாயு நிரப்பி, கசிவு பார்த்து அங்கேயே செய்கிறார்கள்.