தொடக்கம் எது? பிளாக் சப்பாத்தின் ‘13’, பினாங்கின் ஆலிகேட்ஸ்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

நெடுங்காலம் இயங்கிய ராக் இசைக்குழு ஒன்று புதிய ஆல்பம் வெளியிட்டால், அது பழைய ஆல்பங்களுக்கு ஈடாகுமா என்றே விமர்சகர்கள் முதலில் கேட்கிறார்கள். தொடக்கம் தூயது, பிற்காலம் அதன் தேய்வு என்ற எடுகோள் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஒப்பிடும் முன் அக்குழுவின் தொடக்கம் எது என்பதை நிறுவியாக வேண்டும். முதல் இசைத்தட்டைத் தொடக்கமாகக் கொண்டால் ஒரு முடிவு கிடைக்கும். அதற்கு முந்தைய மேடை உழைப்பைக் கொண்டால் வேறொரு முடிவு கிடைக்கும். மலேசியாவின் பினாங்கில் பிறந்த ஒரு குழுவை மதிப்பிடும்போது இந்த வேறுபாடு மிகவும் முக்கியமாகிறது.

பர்மிங்காமின் ராக் குழுவான பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. மழைச் சத்தம், இடி, தேவாலய மணியோசை, அவற்றை அடுத்து டோனி ஐயோமியின் கிட்டார் என்று அது தொடங்குகிறது. அந்தக் கிட்டார் வாசிப்பது மூன்றே சுரங்கள். நம் முறையில் சொன்னால் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். கல்யாணி ராகத்தில் நமக்கு இனிக்கும் அதே சுரம்தான். ஆனால் இங்கே துணைக்குப் பஞ்சமமோ காந்தாரமோ இல்லாமல், மிக மெதுவான காலப்பிரமாணத்தில், நடுங்கும் ஒற்றைச் சுரமாக நிற்கும்போது அது அச்சுறுத்துகிறது. ஹெவி மெட்டல் என்று பின்னர் பெயர் பெற்ற இசைவகையின் பிறப்பை இந்த மூன்று சுரங்களில் காண்பவர்கள் பலர்.

இந்த ஆல்பம் லண்டன் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது. அது எப்படி முடிந்தது என்று கேட்டால் விடை மேடையில் கிடைக்கிறது. பர்மிங்காமின் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த குழுவின் நால்வரும் ‘எர்த்’ என்ற பெயரில் பிறருடைய புளூஸ் பாடல்களை வாசித்துத் திரிந்தார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஸ்டார் கிளப் அரங்கில் ஒரே நாளில் பல முறை மேடையேறினார்கள். முதல் ஆல்பத்திலேயே இரண்டு பாடல்கள் பிறர் பாடல்கள். ஐயோமி பதினேழு வயதில் தகரப் பட்டறை விபத்தில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், தந்திகளை அழுத்த வேண்டியவை அந்த விரல்களே. பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த உறைகளை மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். ஆக நாம் ‘முதல் படைப்பு’ என்று போற்றுவது தொடக்கமே அன்று. அது பல மாத மேடைக் கூலி வேலையின் ஒரு நாள் பதிவு.

2013 ஜூனில் வெளியான ‘13’ ஆல்பத்தை இந்தப் பின்னணியில் கேட்க வேண்டும். தயாரிப்பாளர் ரிக் ரூபின், குழுவினரை உட்கார வைத்து முதல் ஆல்பத்தை மீண்டும் கேட்கச் செய்தார். அதன் விளைவு முதல் பாட்டிலேயே தெரிகிறது: கனத்த, தாமதமான நடையில் தொடங்கி நடுவில் வேகம் பிடிக்கும் அதே கட்டமைப்பு. கடைசிப் பாட்டு மழையிலும் மணியோசையிலும் முடிகிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே ஐயோமி வாசித்த கிட்டார் இது என்பதை அறியும்போது அதன் உறுதி வியக்க வைக்கிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இக்குழு முதலிடம் பெற்றதும் இந்த ஆல்பத்தால்தான்.

ஆயினும் என் கணிப்பில் ‘13’ தவறான தொடக்கத்துக்குத் திரும்பிய ஆல்பம். மழையும் மணியும் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கப்பட்டவை. அவற்றை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். மேடையில் நால்வரும் சேர்ந்து விளைவித்த நெகிழ்வை அப்படி மீட்க முடியாது. டிரம்ஸ் கலைஞர் பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். தாளத்தின் மேல் சற்றே முன்னும் பின்னுமாக மிதப்பார். ஒப்பந்த வேறுபாட்டால் அவர் ‘13’இல் இல்லை. அவரிடத்தில் வாசித்த பிராட் வில்க் திறமையானவர், ஆனால் அவருடைய தாளம் நேர்க்கோடு. முதல் ஆல்பம் அலையாக எழுந்த இடங்களில் ‘13’ சுவராக நிற்கிறது. குறை முதுமையினுடையது அன்று, உறவு முறிந்ததனுடையது.

முதுமையைக் குறையாகக் கொள்ளாமல் இசை கேட்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் இளமையிலேயே கரகரப்பானது. தொண்ணூறு வயதைக் கடந்தும் அவர் பாடியபோது, சாரீரத்தின் தளர்ச்சியைக் கடந்து ராகத்தின் வடிவத்தைக் கேட்கச் சபைக்குத் தெரிந்திருந்தது. மேற்கில் தத்துவ அறிஞர் அடோர்னோ 1937இல் பேத்தோவனின் பிற்காலப் பாணி பற்றி வெளியிட்ட கட்டுரையும், விமர்சகர் எட்வர்ட் சைத் மறைந்த பின் 2006இல் வெளியான, பிற்காலப் பாணி பற்றிய அவருடைய நூலும் வேறொரு வழியில் இதை நெருங்குகின்றன. பிற்காலப் படைப்பு இணக்கத்துக்குப் பதில் பிளவையும் பிடிவாதத்தையும் காட்டக்கூடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் இருவரும் தனிக் கலைஞரையே மையமாக்கினார்கள். இசைக்குழு என்பது ஒருவர் அல்லர். அதன் பிற்காலத்தைத் தீர்மானிப்பவர்களில் பிரிந்தவர்களும் இறந்தவர்களும் அடக்கம்.

இனி பினாங்கு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்களின் குரல்களால் அறியப்பட்ட ஆலிகேட்ஸ், 1960களின் இறுதியில் இத்தீவில் உருவான குழு. அடர்ந்து உருண்ட ஆஃப்ரோ தலைமுடி அவர்களுக்கு அடையாளமானது. ஹார்ட் ராக் குழு என்று இவர்களைச் சொல்ல முடியாது. சோல், பாப் வழி வந்தவர்கள். எனினும் இக்கட்டுரையின் கேள்விக்கு இவர்களைவிடப் பொருத்தமான சான்று நம் நாட்டில் இல்லை.

அக்காலத்தில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் மேற்கத்திய இசை தாராளமாகப் புழங்கிய ஊர். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூர் வந்து போனபின் தீபகற்பம் முழுதும் கிட்டார் குழுக்கள் முளைத்தன. நீரிணைக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைத் தளம். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர் ஓய்வெடுக்கப் பினாங்குக்கும் வந்தார்கள். கேட்கக் காதுகள் இருந்தன. வாசிக்கக் கைகளும் இருந்தன. ஆனால் 1969இல் பினாங்கு சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. இசையை நம்பிப் பிழைக்க விரும்பியவர்கள் ஊரை விட்டு வெளியே பார்த்ததில் வியப்பில்லை. ஆலிகேட்ஸ் 1970களில் ஹாங்காங் சென்று இரவு விடுதிகளில் பிறர் பாடல்களை வாசித்தார்கள். பர்மிங்காம் குழுவுக்கு ஹாம்பர்க் எதுவோ, பினாங்குக் குழுவுக்கு ஹாங்காங் அது.

பிறகு 1970களின் இறுதியில் பாலிகிராம் நிறுவனத்தின் வழியே மலாய் ஆல்பங்கள் வந்தன. எம். நாசிர் இசையமைக்க, எஸ். அமீன் ஷஹாப் வரிகள் எழுத, ‘செக்குந்தும் மாவார் மேரா செபுவா புயிசி’ போன்ற பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. இவற்றை ஆங்கில மேடை இசையிலிருந்து இறங்கி வந்த வணிகச் சமரசம் என்று சிலர் பேசுவதுண்டு. இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. பிறருடைய சோல் பாடல்களை இரவுதோறும் பாடிப் பழகிய மூச்சுக் கட்டுப்பாடும், ஒரு குரல் விட்ட இடத்தில் மறுகுரல் எடுக்கும் சகோதரப் பழக்கமும் மலாய்ப் பாடல்களில்தான் சொந்தப் பொருளைக் கண்டன. வீட்டில் தமிழ், மேடையில் ஆங்கிலம், இசைத்தட்டில் மலாய். இந்த மூன்றாம் நிலையில்தான் அவர்கள் பிறர் பாட்டைப் பாடுபவர்கள் என்ற நிலையிலிருந்து தம் பாட்டை உடையவர்கள் ஆனார்கள். தேசிய மொழிக் கொள்கை உருவாக்கிய சந்தை அவர்களை அங்கே தள்ளியது என்பது உண்மையே. தள்ளப்பட்ட இடத்தில் அவர்கள் கட்டியது அவர்களுடையது.

ராக் தூயது, பாப் சமரசம் என்ற பிரிவினையும் இங்கே நிற்காது. ஆலிகேட்ஸுக்கு மென்மையான பாடல்களைத் தந்த அதே எம். நாசிர், பின்னர் ஜொகூர் பாருவிலிருந்து எழுந்த ‘சர்ச்’ குழுவின் ஹார்ட் ராக் பாடல்களிலும் பங்காற்றினார். இந்நாட்டில் இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை.

ஆலிகேட்ஸுக்கு உண்மையான முன்–பின் கோடு 2007 ஜூன் 4. அன்று லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அதன்பின்னும் டேவிட் அதே பெயரில் பாடுகிறார். இரண்டு குரல்களுக்காக அமைந்த பாடல்களை ஒரு குரல் சுமக்கிறது. பில் வார்ட் இல்லாத ‘13’க்கும் லோகநாதன் இல்லாத ஆலிகேட்ஸுக்கும் ஒப்புமை உண்டு. வேறுபாடும் உண்டு: இங்கே இழந்த ஒலியைச் செயற்கையாக மீட்டெடுக்கும் முயற்சி இல்லை. இடைவெளி கேட்கும்படியே பாடல் நடக்கிறது. ‘13’ஐவிட இது நேர்மையான பிற்காலம் என்பது என் முடிவு.

ஆனால் இந்த முடிவை முழுமையாக நிறுவத் தேவையான சான்றின் பெரும்பகுதி இசைத்தட்டில் இல்லை. அது பினாங்கு, ஹாங்காங் மேடைகளில் காற்றோடு போனது. மிஞ்சியிருப்பவை வீடுகளில்தான் இருக்க வேண்டும்: விடுதி ஒப்பந்தங்கள், பாடல் வரிசை எழுதிய தாள்கள், சுவரொட்டிகள், ஒலிநாடாக்கள். அக்காலத்தில் இத்தீவில் வாசித்த தமிழ், மலாய், சீன, யுரேசியக் கலைஞர்களின் குடும்பத்தார் அவற்றைப் பழைய சாமான்காரரிடம் போடாமல், படியெடுத்து நூலகங்களுக்குத் தர வேண்டும். நம் ஆய்வு மாணவர்கள் அந்தக் கலைஞர்கள் உயிரோடு இருக்கும்போதே சென்று அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும்.