பதினைந்து வருடப் பழைய பெட்டியில் புதுப் பாகம் எப்படிப் பொருந்தியது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2009இல் வாங்கிய எங்கள் டெஸ்க்டாப் பரணில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். செல்போனில் வினாத்தாள் பார்த்துக் கண் எரிகிறது என்றாள். பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். பவர் சப்ளை போயிருந்தது, மாற்றினேன். 2 ஜிபி ராமை 4 ஜிபி ஆக்கினேன். அது டிடிஆர்2 வகை, புதிதாகக் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் வேறொரு கணினியில் கழற்றியது கிடைத்தது. ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி, போர்டில் காசு மாதிரி இருக்கும் பேட்டரி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். ஓடுகிறது!

எஸ்எஸ்டியும் பவர் சப்ளையும் இப்போது செய்தவை. பழைய பெட்டியில் அவை எப்படிப் பொருந்தின? இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1980இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு ஒரே அவசரம். சிறு கணினிச் சந்தையில் ஆப்பிள் போன்றவர்கள் முந்திவிட்டார்கள். புளோரிடாவில் போகா ரேட்டன் என்ற ஊரில் இருந்த ஒரு சிறு குழுவிடம் ஒரு வருடக் கெடு கொடுத்தார்கள். டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமை. எல்லாவற்றையும் தாமே செய்ய நேரமில்லை. இன்டெல் 8088 சிப், மைக்ரோசாஃப்ட் மென்பொருள் என்று வெளியில் கிடைத்ததை வாங்கிக் கோத்தார்கள். 1981 ஆகஸ்ட் 12இல் அறிவிப்பு. விலை 1,565 டாலர், ராம் வெறும் 16 கேபி. உள்ளே அட்டைகள் சொருக ஐந்து இடங்கள். மற்றவர்களும் அட்டை செய்து விற்கட்டும் என்று சுற்றுப்படத்தையே கையேடாக அச்சிட்டு விற்றார்கள். தாராள மனசு என்று நான் நினைக்கவில்லை. வியாபாரக் கணக்குதான்.

பூட்டு ஒன்று மட்டும் இருந்தது: கணினியை எழுப்பிவிடும் பையோஸ் நிரல். அதன் காப்புரிமை ஐ.பி.எம்.முடையது. காம்பாக் நிறுவனம் இங்கேதான் புத்தியைக் காட்டியது. ஒரு குழு பையோஸைப் படித்து, அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதித் தந்தது. மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. நோட்ஸைப் பார்க்காமல் சொந்த நடையில் விடை எழுதும் மாணவனை எந்த ஆசிரியர் காப்பி அடித்தான் என்று சொல்வார்? 1983இல் காம்பாக் கணினி விற்பனைக்கு வந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் கிளம்பின.

ஐ.பி.எம். விடவில்லை. 1987இல் பிஎஸ்/2 என்ற புது வரிசையில் சொருகும் இடத்தையே மாற்றியது. பழைய அட்டை பொருந்தாது; புதிய முறையில் செய்ய உரிமத் தொகை கட்ட வேண்டும். மறு வருடமே காம்பாக் உட்பட ஒன்பது நிறுவனங்கள் கைகோத்து, பழைய அட்டையும் பொருந்துகிற வேறொரு முறையை அறிவித்தன. ஐ.பி.எம். முறை எடுபடவில்லை. என்னைக் கேட்டால் 1981ஐவிட இந்தத் தோல்விதான் பெரிய திருப்பம்.

1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவைக் கொண்டுவந்தது. போர்டின் திருகுத் துளைகள் எங்கே, பவர் சப்ளை எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அதில் அடக்கம். டிஸ்க்குக்கு 2003இல் வந்த சாட்டா இணைப்பு இன்னும் இருக்கிறது. பழைய போர்டில் எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓடாது, ஆனால் ஓடும். ராமுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. தலைமுறை மாறினால் வெட்டுப்பள்ளம் இடம் மாறிவிடும்.

மெலிதான மடிக்கணினிகள் பலவற்றில் இப்போது ராமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள். கழற்ற முடியாது, கூட்டவும் முடியாது. பிள்ளைகளுக்கு வாங்கப் போகிறவர்கள், ராம் சொருகுவதா பற்றவைத்ததா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.